இரண்டு இருபது

மதியம் ஒன்று ஐந்துக்குப்
பதினோரு பேர் படுக்கிறார்கள்.
பதினோரு பேரையும் மல்லாக்கப் போடுகிறேன்.
தலையணை இல்லை. தூளி இல்லை.
கழுத்துக் கறுப்புக் கயிறுகள் மட்டும்
அம்மாக்களிடம் மன்றாடி அவிழ்த்தவை
பேர் எழுதிய டப்பாக்களில் தனியே தூங்குகின்றன.

பேரணாம்பட்டில் மே மாதம்
சுவரைத் தொட்டால் சுவருக்கே காய்ச்சல்.
ஜன்னலைத் திறந்தால் தோல் ஷாப் வாடை,
சாத்தினால் புழுக்கம்.
திறந்தே வைத்திருக்கிறேன்.
வாடை பழகிவிடும்.

நாலு வருஷம் இதே கம்பெனியில் அப்பர் தைத்தேன்.
அங்குலத்துக்கு எட்டுத் தையல்.
ஏழு விழுந்தால் ஷூ கப்பலேறித் திரும்பி வரும்
என்பார் சூப்பர்வைசர்.
ஊசி ஆள்காட்டி விரலில் ஏறி இறங்கிய பிறகு
‘குழந்தைங்கள பாத்துக்கோ, லேசான வேலை’ என்று
இந்த அறைக்கு அனுப்பினார்கள்.
லேசான வேலை.
அந்த விரலைத்தான் மூக்குக்குக் கீழே நீட்டினேன்
முதல் நாள்.
தழும்பு விழுந்த இடத்தில் உணர்ச்சி கம்மி,
ஒன்றும் தெரியவில்லை, பயந்துவிட்டேன்.
அதிலிருந்து கையைத் திருப்பிப்
புறங்கையில் வாங்கிக்கொள்கிறேன் மூச்சை.

அர்மான் வாய் திறந்து, இட்லிச் சட்டி ஆவி மாதிரி.
ஜெபசீலிக்கு இரண்டு குட்டி மூச்சு, ஒரு பெருமூச்சு,
மறுபடி இரண்டு குட்டி.
பத்தலப்பல்லி கவிநிலாவுக்குச் சளி,
தூக்கத்தில் விசில் அடிப்பாள்.
ஆணியில் தொங்கும் நோட்டில்
பேருக்கு நேரே கட்டங்கள்.
பத்து நிமிடத்துக்கு ஒரு டிக்.

அன்றைக்குச் சாப்பிட்டுத் திரும்பும்போது
மணி ஒன்று ஐம்பது.
நோட்டில் இரண்டரை வரைக்கும் டிக் விழுந்திருந்தது.
அழகான டிக்குகள். ஒரே சாய்வு, ஒரே அளவு,
அங்குலத்துக்கு எட்டு.
பூங்காவனம் அக்கா மூலையில் பால் புட்டி கழுவிக்கொண்டே
‘தூங்குற பசங்க எங்க ஓடப்போவுது’ என்றார்.
ஓடாதுதான்.

கரண்ட் போனது.
ஃபேன் இன்னும் நாலு சுற்றுச் சுற்றி நின்றது.
அந்த அமைதியில்தான் கேட்டது,
இல்லை,
கேட்கவில்லை
விசில்.

குப்புறக் கிடந்தாள்.
நான் போனதும் அழுதாளாம்,
பையிலிருந்து அம்மா துப்பட்டாவை எடுத்துக் கொடுத்தாராம் அக்கா.
முகத்துக்கும் பாய்க்கும் நடுவே
நாலு மடிப்பாக அது.
நோட்டின்படி
இரண்டு இருபதுக்கும் அவள் நன்றாக இருந்தாள்.

திருப்பினேன். உள்ளங்காலைச் சுண்டினேன்.
ஒன்று.
மேல்பட்டியைத் தாண்டும் கூட்ஸ் வண்டி
முழுசாகப் போய் முடியும் நேரம்.
இரண்டு.
மூன்று வருவதற்குள் அழுதாள்.
மற்ற பத்துப் பேரும் எழுந்து சேர்ந்து அழுதார்கள்.
வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சத்தம்
நான் கேட்டதில்லை.
அதைப் போட நோட்டில் கட்டம் இல்லை.

டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.
‘ஒண்ணும் ஆகலையே’ என்றார் மேனேஜர், பேனாவை மூடி.
ஆகவில்லை.
ஒருத்தி சாப்பிடப் போகிறாள், ஒருத்தி புட்டி கழுவுகிறாள்,
அப்போது அறையில் இருப்பது யார் சார் என்று கேட்டேன்.
மூன்றாவது ஆளுக்கு எழுதிப்போட்டிருக்கிறது.
எழுதிப்போட்டே இருக்கிறது.

சாயங்காலம் ஆறாம் லைனிலிருந்து வந்தாள் அம்மாக்காரி,
கையில் பசை வாடை.
எதையும் மறைக்காமல் சொன்னேன்.
திட்டவில்லை.
துப்பட்டாவை வாங்கி மூக்கில் வைத்து
மூச்சை இழுத்துப் பார்த்தாள்,
வரும் மூச்சை,
வராத மூச்சை.
பஸ் ஹாரன் அடித்ததும் ஓடிவிட்டாள்.

பேனா இப்போது என் இடுப்புச் சாவியோடு கிடக்கிறது.
பார்க்காமல் யாரும் டிக் போட முடியாது.
நான் சாப்பிடும்போது அக்கா அதை வாங்கிக்கொள்கிறார்,
முகம் கொடுக்காமல்.
நேற்று ஜன்னல் வழியே பார்த்தேன்,
ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்
குனிந்து
புறங்கையைத் திருப்பினார்.

ராத்திரியில் எனக்குத்தான் விடவில்லை.
இருட்டில் கை தானாகப் போய்
வீட்டுக்காரர் மூக்குக்குக் கீழே நிற்கிறது.
‘உசுரோடதான் இருக்கேன், படு.’
செல்லை எடுத்து மணி பார்க்கிறேன்.
இரண்டு இருபது.