நல்ல மை

ஃப்ளோரியாலில் மழை நின்றால்தான் செய்தி.
அங்கே கம்பளிச் சட்டைகளுக்குக் கழுத்து தைத்தாள் அம்மா,
ஐம்பத்து மூன்றாம் எந்திரத்தில்.
ஐம்பத்து நாலில் குய்லான்:
மூன்று வருட ஒப்பந்தம்,
விடுதியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை,
பெட்டிக்குள் அட்டை கிழிந்த ஒரு கதைப் பத்திரிகை.
எல்லோருக்கும் மதாம் வைத்திலிங்கம்.
அவள் ஒருத்திக்கு மட்டும் சௌந்தி.
சௌந்தரவல்லி அந்த நாக்கில் நிற்கவில்லை.

தேநீருக்குப் பத்து நிமிடம்.
தட்டுத்தடுமாறும் க்ரியோலில் அவள் அரைப்பக்கம் சொல்வாள்.
இரவு பருப்பு கடைந்தபடி
அம்மா அதை எங்களுக்குச் சொல்வாள்.
எது அச்சில் இருந்தது, எது குய்லான் சேர்த்தது,
எது அம்மாவின் கைப்பக்குவம்,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வீடு. வம்சப் புத்தகம் எழுத ஓர் எழுத்தர் வருகிறார்.
மூன்று நாள் அவருக்குப் பன்றிக்கறி
(அப்பா பக்கத்தில் இருந்தால் அது கோழி).
சமைத்தவள் அடுப்படியில் நின்றே தின்றாள்.
தாத்தாவை எழுதினார். அவருடைய தாத்தாவை எழுதினார்.
இரண்டு வயதில் காய்ச்சலில் போன கொழுந்தனைக்கூட எழுதினார்.
மூன்று பெண்பிள்ளைகளுக்கு
மை தொடவே இல்லை.

"அவள் பேர் என்ன?"
கேட்டிருக்கிறாள் அம்மா.
கதையில் பேர் இல்லையாம்.
உள்ளே இருப்பவள்,
பெண்டாட்டிக்கு அங்கே அப்படி ஒரு சொல் உண்டாம்.
நான் அப்போது மூன்றாம் ஃபாரம், தமிழும் ஒரு பாடம்.
இல்லாள் என்று எழுதிக் காட்டினேன்.
இல் என்றால் வீடு என்றேன்.
இன்னொரு பொருளும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன்,
ரசம் பொங்கிவிட்டது.

எழுத்தர் போன இரவு
நடுமகளை எழுப்பினாள் உள்ளே இருப்பவள்.
இரண்டு குளிர்காலம் பள்ளிக்குப் போன பெண்.
"நான் எங்கே இருக்கிறேன், காட்டு."
பெண் பக்கம் முழுக்கத் தேடினாள்.
பிறகு எங்கோ விரல் வைத்து
"இதோ" என்றாள்.
அன்றிலிருந்து தினமும்
பாத்திரம் கழுவிய ஈரத்தோடு வந்து
அந்த எழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.
பீச் மரம் இரண்டாம் முறை பூப்பதற்குள்
எழுத்து கரைந்துவிட்டது.
அது அவள் புருஷன் பெயர்.

அவன் புத்தகத்தைத் திறந்தான்.
மணி அடித்தது.
திங்கட்கிழமை ஐம்பத்து நாலில் வேறொருத்தி.
ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள்,
கர்ப்பம் என்றும் சொன்னார்கள்.

முடிவை வரிசை எடுத்துக்கொண்டது.
கையை ஒடித்திருப்பான் என்றாள் லூர்தினா.
எலிமேல் பழி போட்டிருப்பாள் என்றாள் பிரமிளா.
அம்மா மட்டும்,
அவனுக்கும் எழுத்து தெரியாதே,
இல்லாவிட்டால் எழுத்தருக்கு எதற்குக் கறி?
அவனும் அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டிருப்பான்,
நான் எங்கே, காட்டு என்று.

போன ஆடியில் இல்லை, அதற்கு முந்தியதில்
அண்ணன் கல்யாணப் பத்திரிகை வந்தது.
தமிழ் பிழையில்லாமல் இருக்கவேண்டும் என்று
பெரியப்பா சென்னையில் அச்சடித்தார்.
அம்மாவுக்குப் பிரெஞ்சு எழுத்து மட்டும்தான் தெரியும்.
கையைத் துடைத்துக்கொண்டு வந்து
"நான் எங்கே இருக்கிறேன்?" என்றாள்.

தாத்தா இருந்தார், பெரியப்பா இருந்தார்,
இறந்துபோன சித்தப்பாவும் இருந்தார், ஆசியோடு.
திருமதி என்று ஒரு சொல்.
அதற்குப் பக்கத்தில் தங்க மையில் அப்பா.
எவ்வளவு நேரம் தேடினேனோ.
"இதோ" என்றேன்.

அம்மா எழுத்தைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
விரலை நாக்கில் தொட்டு
அப்பாவின் மேல் அழுத்தி ஒரு தேய் தேய்த்தாள்.
அசையவில்லை.
"நல்ல மை" என்று சொல்லிவிட்டு
மீதி உறைகளுக்குப் பசை தடவ உட்கார்ந்தாள்.