இருட்டில் வைக்க வேண்டியவை

சீசாவுக்கு வெள்ளித்தாள் சுற்றி
மேலே மார்க்கரால் எழுதினேன்:
நாற்பத்தொன்று. வெளிச்சம் ஆகாது.
நாகர்கோவிலில் பட்டப்பகல் பதினொன்றுக்கு
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு
ஒரு சிவப்பு பல்பின் கீழே வேலை.
வெளியே வடசேரி பஸ்ஸின் ஹாரன்.

நாற்பத்தொன்றின் குணம் இது:
தனியே விட்டால் தன் இடுப்பைத் தானே முறுக்கி
வாங்கிய வெளிச்சத்தை ஆடியே தீர்த்துவிடும்.
மடிப்பு மடிப்பாய் இறுகிய புரதக் கட்டிக்குள்
அகப்பட்டால் மட்டும் ஆட இடமில்லை.
அப்போது ஒளிரும்.
கட்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.
இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தால்
பக்கத்து ஆக்சிஜனைச் சீண்டிவிட்டுக்
கட்டியைக் கடிக்க வைக்கும்.
காட்டிக்கொடுப்பதும் கடிப்பதும் ஒரே ஆள்.
(எங்கள் தெருவில் அப்படி இரண்டு பேரைத் தெரியும்.)

குலசேகரத்திலிருந்து றோஸ்லெட் அக்கா
ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து கூப்பிடுவாள்.
"பிள்ளே, ஒனக்க மருந்து எப்ப வரும்?"
எலியில் பார்க்கிறோம் அக்கா.
"எலிக்குச் சொகமாச்சா?"
தொட்டியில் நீந்தவிட்ட எலி
தண்ணீருக்குள் மறைந்த மேடையைக் கண்டுபிடிக்க
முன்பு நாற்பது நொடி, இப்போது இருபத்தாறு.
அதை எப்படிச் சொல்வது.
கொஞ்சம் ஆச்சு, என்றேன்.
"எலிக்குக் குடுத்து வச்சிருக்கு."

அவள் வீட்டுக்காரர் தாசையனுக்கு ஐம்பத்தாறு வயது.
முப்பது வருஷம் பால்வெட்டு.
ராத்திரி இரண்டு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
முந்நூறு ரப்பர் மரம்,
ஒவ்வொன்றிலும் சரிந்த ஒரு கோடு,
கீழே ஒரு சிரட்டை.
இப்போது மகளின் பெயர் போய்விட்டது.
சாயா குடித்ததும் போய்விட்டது; மறுபடி கேட்கிறார்.

ஆடியில், மழை விட்ட ஒரு ராத்திரி
கட்டில் காலி.
கத்தியும் இல்லை, விளக்கும் இல்லை.
விளக்கின் பேட்டரியை அக்கா
என்றைக்கோ கழற்றி ஒளித்துவைத்திருந்தாள்.
மூன்றரைக்குக் கண்டுபிடித்தார்கள்,
பக்கத்து விளையில், பலாமரத்தடியில்.
பட்டையை மட்டும் சீவி
உள்தடியைத் தொடாத வெட்டு.
சரிவு ஒரு நூல்கூடப் பிசகவில்லை.
சிரட்டையும் வைத்திருந்தார்.

பலாவுக்கும் பால் உண்டல்லவா.
வடிந்திருந்தது.

"பாத்தியளா," என்றாராம், வந்தவர்களில்
ஒருவரையும் தெரியாமலே,
"நல்ல மரம்."

திங்கட்கிழமை குறிப்பேட்டில் எழுதியது:
நீலம் தோலிலேயே நின்றுவிடுகிறது.
பச்சை இன்னும் ஓரடி வைக்கிறது.
சிவப்பு கொஞ்சம் தாண்டும்.
கண்ணுக்கே தெரியாத, சிவப்புக்கும் அப்பால் உள்ளது
வேண்டும் நமக்கு. அதற்கு இந்தச் சங்கிலியை
இன்னும் ஒரு இரட்டைப் பிணைப்பு நீட்டவேண்டும்.
எலியின் மண்டை பப்படம்.
அவருடையது சிரட்டை.

இந்தக் கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டேன்.
வழிகாட்டி கையெழுத்துப் போடும் நோட்டு அது.

அடுத்த ஞாயிறு.
நாற்பத்திரண்டுக்கு வெள்ளித்தாள் வெட்டிக்கொண்டே
போனைத் தோளில் இடுக்கியிருந்தேன்.
மருந்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.
மழையைச் சொன்னாள், ஷீட் விலையைச் சொன்னாள்,
பலாமரக்காரன் சண்டைக்கு வராததைச் சொன்னாள்.
பிறகு,
"பேட்டரிய திரும்பப் போட்டுட்டேன் பிள்ளே.
போறவரு போவாரு.
எங்க நிக்காருன்னு எங்களுக்குத் தெரியணும்லா."