முதுகு

முப்பத்தோரு வருடம்
நிக்கானோரின் முதுகைப் பார்த்தே வாசித்தேன்.
முகம் ஊருக்கு.
டிரம்ஸ்காரனுக்கு வாய்த்தது முதுகு.

போர்க்களத்தில் முதுகு காட்டினால் இழுக்கு.
எங்கள் தொழிலில்
முதுகு காட்டி நிற்பவன்தான் தலைவன்.

இடது தோள் ஓர் அங்குலம் இறங்கினால்
வரியை இழுக்கப் போகிறான்.
வியர்வை இடுப்பைத் தொட்டுவிட்டால்
இன்னும் இரண்டு பாட்டுதான் தாங்கும்.
பிடரி விறைத்திருந்தால்
காலையில் வீட்டில் சண்டை.
அந்த முதுகு அகன்றது, பிறகு கூனியது,
ஒரு வருடம் முழுக்க
சிவப்புத் தோல்சட்டைக்குள் ஒளிந்திருந்தது.
(கடனில் வாங்கியது. கடைசித் தவணை நான் கட்டினேன்.)

போன மார்ச்சில், திரெஸ் அரோயோஸில்,
மூன்றாவது பாட்டின் நடுவே
மைக்கைத் தாங்கியில் செருகிவிட்டு இறங்கிப் போனான்.
தகராறு இல்லை. தொண்டையில் கட்டி இல்லை.
"போதும்" என்றான் வேனில்.
சூரியகாந்தி வயல்கள் தலை கவிழ்ந்து
பஹியா பிளாங்கா வரை கூடவே வந்தன.
இப்போது அண்ணன் மகனோடு சேர்ந்து
தண்ணீர் பம்பு விற்கிறான்.
நன்றாகவே விற்கிறானாம்.

யமிலா வந்தது மழைநாளில்,
மருந்துக்கடைச் சீருடையைக் கழற்றாமல்.
எங்கள் முதல் இசைத்தட்டு வந்தபோது
இவள் பிறக்கவே இல்லை என்று
எல்வியோ கணக்குப் போட்டான்,
பேஸ் கித்தாரை மடியில் கிடத்திக்கொண்டு,
துக்கம் விசாரிக்க வந்தவன்போல.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"இங்கே ஹீட்டர் இல்லையா?"

சுருதியை இரண்டரைக் கட்டை ஏற்றினோம்.
தாரியோவின் விரல்கள்
மின்சாரம் போன வீட்டில் படி தேடுவதுபோல்
கம்பிகளில் தடவின.
எனக்கென்ன, தோலுக்கு ஆண் பெண் தெரியாது,
எல்லாம் பழையபடிதான் என்றிருந்தேன்.

தப்பு.
அவள் முதுகில் எனக்கு எழுத்தே தெரியவில்லை.
எங்கே இழுப்பாள், எங்கே விழுங்குவாள்?
ஒடுங்கிய முதுகு. கழுத்துப்பட்டிக்கு மேல்
பச்சை குத்திய மீன்வால் மட்டும் எட்டிப் பார்க்கும்.
ஒத்திகையில் இரண்டு முறை
அவள் நிறுத்திய இடத்தில் ஓங்கி அடித்தேன்,
சாவு வீட்டில் சிரித்துவிட்டதுபோல.

ரயில்வே தொழிலாளர் மண்டபம். ஆகஸ்ட்.
கடலிலிருந்து எலும்பைக் குடையும் காற்று.
நானூறு பேர் இருக்கலாம்.
ஒருவன் "நிக்கானோர்!" என்றான்.
பிறகு ஒரு வரிசை.
பிறகு மண்டபமே
இல்லாதவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

அவள் காத்திருந்தாள்.
மீன்வால் அசையவில்லை.
பிறகு திரும்பினாள்.
அத்தனை பேருக்கும் முதுகைக் கொடுத்துவிட்டு
என்னைப் பார்த்தாள்.

மேடையில் ஒரு பாட்டுக்காரியின் முகம்!
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
குச்சியைப் பார்த்தேன்.
மேலுதட்டில் ஒரு மரு.
பயம் இருந்தது; மறைக்கவில்லை.
"எண்ணு" என்றாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.
நாலுக்குக் காத்திராமல் தொடங்கிவிட்டாள்,
என்னைப் பார்த்தபடியே,
முதல் சரணம் முழுவதும்.
துறைமுகத்தைப் பற்றிய பாட்டு அது.
நான் அடித்த அத்தனை வருடமும்
அதில் கப்பல் போய்க்கொண்டிருந்தது.
அன்று ஏதோ ஒன்று
விளக்கை அணைத்துவிட்டு
உள்ளே வந்துகொண்டிருந்தது.

எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று கேட்காதீர்கள்.
சிலர் புகைக்க வெளியே போனார்கள்.
அவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிக்கானோர் ஃபோன் செய்தான்.
பம்பு விலை, மழை, என் முழங்கால்
எல்லாம் சுற்றி வந்து கேட்டான்:
"துறைமுகத்தை எந்தச் சுருதியில பாடுறா?"
"தெரியலப்பா, நான் டிரம்ஸ்காரன்."
சிரித்தான். ஆனால் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் யாரோ குழாயைத் திறந்தார்கள்.
முதல் இரண்டு சொல்லை
அடித்தொண்டையில் தேடிக்கொண்டிருந்தான்,
எட்டாத உயரத்தில்.

நான் மேஜை விளிம்பில்
விரலால் எண்ணிக்கொடுத்தேன்.