இரண்டு வட்டம்

மோல்மீன் கீழ்ப் பெருந்தெருவில் என் கடைக்குப் பெயர் லின்.
பர்மியச் சொல். வெளிச்சம்.
இன்வெர்ட்டர், பேட்டரி, மொட்டைமாடிக்குச் சோலார் தகடு.
நாளைக்கு நாலு மணி நேரம் கரண்ட் வருகிற ஊரில்
இதைவிட நல்ல வியாபாரம் கிடையாது,
இதைவிடச் சங்கடமானதும்.

லோகோவுக்குப் போட்டி வைக்கலாம் என்று சொன்னதும்
பணத்தைக் கார்டில் கட்டியதும் பினாங்கிலிருக்கும் நாத்தனார்.
ஏழு நாள். யாரும் வரையலாம்.
ஒருவருக்குத்தான் காசு.

முதலில் ஒரு படிவம்.
ஒரு கோடு, அதில் நகரும் ஒரு குமிழ்.
இந்தப் பக்கம் பழமை, அந்தப் பக்கம் புதுமை.
இந்தப் பக்கம் ஆண்மை, அந்தப் பக்கம் பெண்மை.
முப்பது கிலோ பேட்டரியை இடுப்பில் ஏந்தி
மாடிப்படி ஏறுகிறவள்
குமிழை எங்கே நிறுத்துவாள்?
நடுவில் விட்டேன்.
விரல் வேர்வையில் கொஞ்சம் வழுக்கியது.
போகட்டும்.

முதல் ராத்திரி பத்தொன்பது படம்.
பதினாறு பல்பு, இரண்டு மின்னல்,
கறுப்புக் கண்ணாடி மாட்டிய சூரியன் ஒன்று.
சல்வீன் ஆற்றுக் காற்றில் சிக்னல் போய்ப் போய் வர
ஒவ்வொன்றும் மேலிருந்து கீழே
மெதுவாகத் துணி விரிப்பதுபோல் இறங்கியது.
நட்சத்திரம் போடு, நட்சத்திரம் போடு என்றது திரை.
பரீட்சைத்தாள் திருத்தியதே இல்லை நான்.
எல்லோருக்கும் மூன்று போட்டேன்.
அது யாருக்கும் உதவாது என்று
செர்பியாக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார்.

அறுபத்தொன்றாம் நம்பர் இபாதானிலிருந்து.
அஞ்சுகம் என்கிற பெயர் எந்த ஊர்ப் பெயர் என்று தேடினாராம்.
குத்துவிளக்கு அனுப்பியிருந்தார்,
ஐந்து முகமும் எரிய.
இன்வெர்ட்டர் கடைக்குக் குத்துவிளக்கு!
சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.
ஐந்து சுடரும் ஐந்து விதமாக ஆடின.
ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும் மனுஷன்.

முப்பத்தொன்பது, சுரபாயா, வாஹ்யு.
எங்கள் வட்ட எழுத்தை
அப்படி ஒரே இழுப்பில் நான்கூட எழுதியதில்லை.
ஆனால் கடைசியில் மேலும் கீழுமாக நிற்கிற
இரண்டு குட்டி வட்டங்களைக் காணோம்.
'பார்வைக்கு இடைஞ்சல். எடுத்துவிட்டேன்.'

தட்டினேன்:
அவை இருந்தால் வெளிச்சம்.
எடுத்துவிட்டால் அதே சொல், புருஷன்.
கடைமுகப்பில் புருஷன் என்று போர்டு மாட்ட முடியாது.
அவர் மேசோட்டுக்கு வேலைக்குப் போய்
ஆறு வருஷம் ஆகிறது என்றும் தட்டினேன்.
அந்த வரியை மட்டும் அழித்தேன்.
அனுப்பினேன்.
கரண்ட் போயிற்று.

விடியற்காலம் மூன்று சிரிப்பு முகம் வந்திருந்தது.
அதன் கீழே புதுப் படம்:
மேல் வட்டத்துக்குள் பிளஸ், கீழ் வட்டத்துக்குள் மைனஸ்.
பேட்டரியின் இரண்டு முனை.

அதுதான் ஜெயித்தது.
மற்ற தொண்ணூற்று மூன்றையும்
ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னது திரை.
காரணம் எழுத ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள்.
அறுபத்தொன்றுக்கு மட்டும் எழுதினேன்:
'நீங்கள் வரைந்தது சரி. என் கடைதான் வேறு.'
பதில் இல்லை. எதற்கு வரவேண்டும்?

அப்புறம் அந்த ஒப்பந்தம்.
எல்லா நாட்டிலும், எல்லாக் காலத்துக்கும்,
இதன்மேல் எனக்குள்ள உரிமை அனைத்தையும்
விட்டுத்தருகிறேன் என்று
வாஹ்யு கையெழுத்துப் போட்டிருந்தார்.
வண்ணத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று,
சின்ன பில்புத்தகத்துக்கென்று ஒன்று,
எண்ணி ஒப்படைத்திருந்தார்.
இரண்டு தடவை படித்தேன்.
விட்டுப் போவதற்கு
இப்படியும் ஒரு முறை இருக்கிறது.
தேதி போட்டு.

பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில்
அஞ்சுகம் தனுஷ்கோடி என்று
முழுசாகத்தான் எழுதினேன். பழக்கம்.

போர்டுக்கு அளவெடுக்க வந்த பையன்
ஏணியில் நின்றபடியே கேட்டான்:
அக்கா, ஓரத்து வட்டம் ரெண்டும்
கொஞ்சம் பெருசா இல்ல?

இருக்கட்டும்டா என்றேன்.