தலைமாட்டிலிருந்து

எழுத்துக்குப் பதினாலு டாலர்.
நடு எழுத்து பெரிசு, அதற்கு இருபத்திரண்டு.
விலைப்பட்டியலை இரண்டு தடவை படித்தார் டுவைட் மேப்ரி.
மிசிசிப்பியில் பார்ஜ் தள்ளும் படகில் சுக்கான் பிடிப்பவர்.
இருபத்தெட்டு நாள் ஆறு, பதினாலு நாள் கரை.
கரைநாளில் ஒன்றை என் கடைக்கு ஒதுக்கி
சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.
துணிக்கடைக்குள் நுழையவும்
சில ஆண்களுக்குத் துணிவு வேண்டியிருக்கிறது.

கல்யாணப் பரிசு.
மேல்விரிப்பு ஒன்று, தலையணை உறை நான்கு.
பெல்ஜியம் லினனை எடுத்துப் போட்டேன்.
புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.
உள்ளங்கைக் காய்ப்பு நூலை இழுத்துவிடுமாம்.

பெண் ஓடெட். மாப்பிள்ளை ஹாலிஸ்.
"உங்கள் மகனா?"
"என் மனைவியின் மகன்.
நாலு வயதிலிருந்து."
குடும்பப் பெயர் கேட்டேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
"விட்லாக்" என்றார்.

வழக்கத்தை விளக்கினேன்:
இடப்பக்கம் பெண்ணின் முதலெழுத்து,
வலப்பக்கம் அவனுடையது,
நடுவில், இரண்டையும் விட ஓங்கி,
குடும்பத்தின் எழுத்து.
நாட்செஸில் பாதி வீடுகளில்
துவாலையைப் பார்த்தே வம்சம் சொல்லிவிடலாம்.

அந்த விட்லாக்கை எனக்கும் தெரியும், சின்ன ஊர்தானே.
துல்சா பக்கம் வேலை என்று போனவன்.
பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு அட்டை அனுப்பியதில்லை.
அவன் எழுத்துக்கு, ஐந்து இடத்தில்,
நூற்றுப்பத்து டாலர். இவர் காசு.

"நடு எழுத்தை விட்டுவிடலாம்.
இப்போது நிறையப் பேர் அப்படித்தான்."
"அது அவன் பேர்" என்றார்.

பிறகு எழுத்தின் வடிவம்.
கொடி ஓடும் எழுத்து, இலை முளைத்த எழுத்து,
எல்லோரும் சொக்கிப்போகும் பக்கங்களைக் காட்டினேன்.
புரட்டிக்கொண்டே போய்
கடைசிப் பக்கத்தில் நின்றார்.
மாவு மூட்டையில் அச்சடிக்கும் மொட்டை எழுத்து.
மாதிரித் துணியைக் கேட்டு வாங்கி
இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தார்.
"பெட்ரோல் பங்க் பலகை மாதிரி இருக்கும்" என்றேன்.
"இருக்கட்டும். ஆனால் டபிள்யூவின் ஓரங்கள்
வெளியே சாயக் கூடாது. நட்டுக்குத்தலாக நிற்கணும்."
மெஷினில் அதை மட்டும் திருத்த
எனக்கு ஒரு மத்தியானம் போயிற்று.
திட்டிக்கொண்டேதான் திருத்தினேன்.

நூல் ஆற்று நிறத்தில் வேண்டுமாம்.
எந்த மாதத்து ஆறு என்றேன்.
அப்போதுதான் சிரித்தார். "ஏப்ரல்."
பழுப்பில் என்னிடம் மூன்று தினுசு இருந்தது.
பில் போடும்போது சொன்னார்,
ஏறும்போது பார்த்த வளைவு
இறங்கும்போது வேறு வளைவு என்று.
ஆற்றைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வியாழன் ராத்திரி இஸ்திரி.
மேல்விரிப்பின் மடிப்பில் இருப்பதெல்லாம்
கால்மாட்டில் நிற்பவர் படிக்கத்தான்:
விருந்தாளி, மாமியார், அறை பெருக்க வருபவள்.
அவர்களுக்கு ஓ, டபிள்யூ, ஹெச்.
ஒயர் எட்டவில்லை.
மேஜையின் அந்தப் பக்கம் போனேன்.

தலைமாட்டிலிருந்து,
ஹெச் அதே ஹெச். ஓ அதே ஓ.
நடுவில் எம்.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.
மறுபடி கால்மாட்டுக்குப் போனேன். விட்லாக்.
மறுபடி தலைமாட்டுக்கு.
அந்த நேரத்தில் கடைக்கு யாராவது வந்திருந்தால்
என்ன நினைத்திருப்பார்களோ.

ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை
எழ மனமில்லாமல் மோவாய் வரை இழுத்துப் போர்த்தி
கீழே பார்க்கிறவன் கவனிக்கலாம்.
தூக்கக் கலக்கத்தில் கவனிக்காமலும் போகலாம்.

சனிக்கிழமை வந்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.
டிஷ்யூ காகிதம் வைத்துக் கட்டினேன்.
அட்டையில் யார் பேர் எழுத என்று கேட்டேன்.
"அவன் அம்மா பேர். கீழே என் பேர்.
இடம் இருந்தால்."
இடம் இருந்தது.
சில்லறையை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.