பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு வரை

டொக்டர் சவரிமுத்து வரைந்து தந்தது
கட்டில் துண்டின் பின்பக்கத்தில்.
முன்பக்கத்தில் யாருடையதோ காய்ச்சல்
மூன்று நாளாய் ஏறி இறங்கியிருந்தது.
பின்பக்கத்தில் ஒரு கம்பி,
நுனியில் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கும் கம்பி.
"ஏழு வேணும். பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு, இரண்டிரண்டாய்."
"என்ன அளவு உது, டொக்டர்? நூலா, மில்லிமீற்றரா?"
"மூன்றால் பிரியும். பன்னிரண்டு எண்டால் நாலு மில்லிமீற்றர்."
"எதுக்கு?"
சொன்னார்.
நான் லேத்தின் பெல்ற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தில்லையம்பலத்தை எனக்குத் தெரியும்.
ஐப்பசி உழவில் சேற்றில் வழுக்கி
லான்ட்மாஸ்டர் இரும்பில் கால் அகட்டி விழுந்தவர்.
இப்போது அடிவயிற்றில் ஒரு துளை,
துளையில் றப்பர்க் குழாய்,
குழாயின் முடிவில் ஒரு சேலைன் போத்தல்.
அதைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு
மல்லாவிச் சந்தியில் பேப்பர் வாசிப்பார்.
கொழும்பில் இந்தக் கம்பிகள் பெட்டியோடு வாங்கலாமாம்.
இங்கே சோதனைச் சாவடி தாண்டி
ஒரு சைக்கிள் கம்பியே வராது.

முல்லைத்தீவில் மூடிப்போன ஐஸ் கம்பனி.
தட்டுகளைத் தாங்கிய கம்பிகள் கிடைத்தன,
உப்பும் ஈரமும் தின்னப் பார்த்துத்
தோற்றுப்போனவை.

லான்ட்மாஸ்டர் எஞ்சினில் பெல்ற் பூட்டி
மண்ணெண்ணெயில் ஓடுகிறது என் லேத்.
பம்புத் தண்டு கடைவேன், புஷ் கடைவேன்.
நாலு மில்லிமீற்றர், ஒரு அடி நீளம் என்றால் வேறு கதை.
உளி தொட்டதும் கம்பி நாணி விலகியது.
நடுவில் தடித்தது, அருகில் மெலிந்தது.
இரண்டு குப்பைக்குப் போயின.
பிறகு பாலைக் கட்டையில் துளையிட்டு
அதற்குள் முதுகு சாயவிட்டேன்.
நின்றது.

வளைவுதான் வில்லங்கம்.
தாளில் கம்பி உண்டு, அது போகும் வழி இல்லை.
பப்பாசி இலைத் தண்டொன்றை வெட்டிப்
பானைக் கழுத்தில் வளைத்துக் கட்டி, வாடவிட்டு
உள்ளே விட்டேன்.
தள்ளவில்லை. டொக்டர் சொல்லியிருந்தார்:
"அதின்ர பாரத்திலேயே அது இறங்கவேணும்.
தள்ளினால் புது வழி போகும்.
புது வழி கூடாது."
தண்டைப் பிளந்தேன்.
கீறல்.
இன்னொரு தண்டு. கீறல்.
பட்டறைக்குப் பின்னால் மரம் மொட்டையானது,
மனிசி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அரத்தாள், செங்கல் தூள், உமிச் சாம்பல்,
கடைசியில் வெறும் உள்ளங்கை.
கம்பியில் முகம் தெரிந்த பிறகும் டொக்டர்
கொஞ்சம் பஞ்சை எடுத்து நுனிவரை இழுத்தார்.
ஒரே ஓர் இழை
தொங்கி நின்றது, காற்றில் ஆடிக்கொண்டு.
ஒன்றும் சொல்லாமல் கம்பியைத் திருப்பித் தந்தார்.
இழை நின்ற இடத்தைக்
கண்ணால் காணவில்லை, நகத்துக்கும் அகப்படவில்லை.
நாக்கால் கண்டுபிடித்தேன்.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.
பிலோமினா மிஸி சொன்னதுதான்:
சோத்துப் பானையில் ஏழும் அவிந்தன.
பன்னிரண்டு பாதி வழியில் விறைத்து நின்றது.
டொக்டர் பிடியைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தார்,
வெளியே ஒரு செண்பகம் கத்தி முடியும் வரை.
பிறகு அது தானாய்த் தலை சாய்த்து உள்ளே போனது.
பதினாலு. பதினாறு.
பதினெட்டில் இரத்தம்; அத்தோடு போதும் என்றாராம்.
இருபத்துநாலு இன்னும் ஒருவருக்குள்ளும் போகவில்லை.

வைகாசியில் தில்லையம்பலம் பம்போடு வந்தார்.
குழாய் இல்லை, போத்தல் இல்லை.
புஷ் மாத்தக் கூலி எவ்வளவு என்றார். சொன்னேன்.
"உது பகல் கொள்ளை" என்றார்.
மேசையில் கிடந்த மீதித் துண்டொன்றை எடுத்துக்
கையில் பாரம் பார்த்துச்
சட்டென்று வைத்தார்.
"உதுவோ?"
"இல்லை. உது அதின்ர தம்பி."
அவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அங்கால் போனார்.
எஞ்சினை நிறுத்தினேன்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பெல்ற் சூடு ஆறும் மணம் மட்டும்.
பிறகு தேக்கஞ் சருகில்
நாலைந்து சொட்டு,
ஒரு நிறுத்தம்,
பிறகு அறாத ஒரு சத்தம்.
நான் கம்பித் துண்டைத் துடைத்துக்கொண்டு இருந்தேன்,
துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பி வந்து
பத்து ரூபா குறைக்கச் சொன்னார்.