சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில்

நாரன்தூல் சந்தையில் கடை வைத்திருக்கிறேன்.
கடை என்றால் பாதிக் கன்டெய்னர்.
மீதிப் பாதியில் ஸோல்போ
பூட்ஸுக்கு அடிப்பாகம் விற்கிறான்.

ஒரு பக்கிள் கொடு என்று கை நீட்டுகிறவர்களிடம்
நான் விலை சொல்வதில்லை.
முதலில் வாரைக் காட்டு.
வாரில்லாமல் பக்கிள் கேட்பது
காலில்லாமல் பூட்ஸ் கேட்பது போல என்பேன்.
ஒவ்வொரு முறையும் ஸோல்போ சிரிப்பான்,
தன் தொழிலைச் சொல்கிறேனாம்.

இருபத்தைந்து மில்லிமீட்டர் வாருக்கு
முப்பதின் பக்கிள் போட்டால்
பெரிய கட்டிலில் ஒற்றைக் குழந்தை மாதிரி
உருண்டு உருண்டு மடங்கிப் போகும்.
பிளாஸ்டிக்கை வளைத்துப் பார்ப்பாய்.
அக்டோபரில் வளைவதெல்லாம் ஜனவரியில் வளையாது,
மைனஸ் முப்பதில் அது பிஸ்கட்.
இரும்பு உடையாது.
ஆனால் கையுறை கழற்றிய விரலை
விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும்.
பித்தளை கனம், விலையும்.
பளபளப்பதைத் தொடாதே, வழுக்கும்.
நடுக்கம்பி சொரசொரப்பாய் இருக்கிறதா,
நகத்தால் சுரண்டிப் பார்.

நார்மந்தாக் வந்தது நவம்பர் கடைசியில்.
டிராலிபஸ் ஓட்டுகிறவள். குள்ளம்.
கரும்பச்சைப் பை முழங்காலில் தட்டத் தட்ட நடந்து வந்தாள்.
நகராத பக்கிள் வேண்டும் என்றாள்.
நகராதென்றால் தைத்துவிட்டுப் போயேன், பக்கிள் எதற்கு?
"நகரவேண்டும். தானாக நகரக்கூடாது."

பை ஒன்று, ஆள் இரண்டு.
பகலில் இவள்.
இரவில் இவள் கணவன் செவீன்,
அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளுகிறவன்,
ஆறடி, அதற்குமேல் ஆட்டுத்தோல் அங்கி.
காலை ஏழு பத்துக்குப் பாலத்தடி நிறுத்தத்தில்
பஸ் கதவு திறந்து மூடுவதற்குள்
பை இவளுக்கு, வீட்டுச் சாவி அவனுக்கு.
அவன் தளர்த்திய வார் தளர்ந்தபடியே
ஒன்பது மணி நேரம்.
இன்னொரு பை வாங்கலாமே என்றேன்.
பிளாஸ்க் ஒன்றுதானே என்றாள்.
அது என்ன பதிலோ.
பிறகு, நான் கேட்காமலே,
"நானும் அவருக்காக ஒருநாளும் நீட்டி வைத்ததில்லை."

பஸ் ஓட்டும் கையுறையோடு இழுத்துப் பார் என்றேன்.
ஏழு பக்கிள்.
ஒன்று விக்கியது.
ஒன்று இழுத்த வேகத்தில் திரும்ப ஓடியது.
ஒன்றை ஏனோ காதருகே வைத்துக் கேட்டுவிட்டுக்
கீழே வைத்தாள்.
கடைசியில் ஏணிப் பக்கிள்:
நுனியை இழுத்தால் இறுகும்,
உதட்டைக் கட்டைவிரலால் தூக்கினால் தளரும்.
தடித்த விரலுக்கும் சிக்க
உதட்டில் ஒரு கயிற்று வளையம் கட்டினேன்.
வாரில் அவள் அளவுக்குச் சிவப்பு நூலால் ஒரு தையல்,
அவன் அளவுக்கு வெள்ளை.
நூலுக்குத் தனியாக ஐந்நூறு துக்ரிக்.
முறைத்தாள், கொடுத்தாள்.

பிப்ரவரியில் ஜிப்பு மாற்ற வந்தாள்.
வந்த பையின் வாரைப் பார்க்காமல்
எனக்குக் கை ஓடாது.
சிவப்பு நூல் நேற்றுத் தைத்தது போல.
வெள்ளையும் அப்படியே, ஒரு பிசிர் இல்லை.
இரண்டுக்கும் நடுவில்
சிவப்புக்குக் கொஞ்சம் கிட்டே
பக்கிள் உட்கார்ந்து உட்கார்ந்து
வார் கண்ணாடியாய்த் தேய்ந்திருந்தது.
அங்கே இருந்தால்
அவளுக்கு இடுப்புக்குக் கீழே இடிக்கும்,
அவனுக்கு அக்குளில் பிடிக்கும்.

இது யார் அளவு?
முதல்தடவை பார்க்கிறவள் போலக் குனிந்து பார்த்தாள்.
"யாரும் வைக்கவில்லையே."
எப்போதிலிருந்து?
தோளைக் குலுக்கினாள்.

ஒரு மணி நேரம் ஏழு பக்கிளை இழுத்து
என் கடையிலேயே நல்லதாய்ப் பார்த்துக் கொடுத்தது.
அதை நகர்த்தவே இல்லை இரண்டு பேரும்.

கயிற்று வளையம்கூடப் புதுசாய் இருந்தது.

ஊசியில் நூல் கோத்துத்தான் இருக்கிறது,
நடுவில் மூன்றாவதாய் ஒரு தையல் போடட்டுமா என்றேன்.
"வேண்டாம். அது தானாக நிற்கிறது."
ஜிப்புக்குக் காசை எண்ணி வைத்துவிட்டு
பையைத் தலைவழியே மாட்டிக்கொண்டு போனாள்.
அது அவள் தொடையில் தட்டிக்கொண்டே போனது.

ஸோல்போவிடம் சொன்னேன்.
இதற்கு அவன் சிரிக்கவில்லை.
நூலுக்கு வாங்கிய ஐந்நூறைத்
திருப்பிக் கொடுத்திருக்கலாமோ என்று
எனக்குத்தான் இரண்டு நாள் உறுத்தல்.